சொத்தையைத் தோண்டாமல் மூடலாமா?

"சொத்தையை உள்ளேயே விட்டுட்டு மேல மூடி போடறதா? உள்ளுக்குள்ள பரவிடாதா?" ஹால் முறை பற்றி முதலில் படித்தபோது எனக்கும் இந்தச் சந்தேகம்தான் வந்தது.

நோர்னா ஹால் ஸ்காட்லாந்தின் பல் மருத்துவர். குழந்தைகளின் சொத்தை விழுந்த கடைவாய்ப் பால்பற்களை அவர் டிரில் செய்யவில்லை, மரத்துப்போக ஊசியும் போடவில்லை. தயாராகக் கிடைக்கும் எஃகு கேப் ஒன்றில் கிளாஸ் அயனோமர் சிமென்ட்டை நிரப்பி, பல்லின் மேல் அழுத்திப் பொருத்திவிடுவார். வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். பற்கள் நெருக்கமாக இருந்தால் மட்டும், சில நாள் முன்பே சின்ன ரப்பர் வளையம் மாட்டி இடம் உண்டாக்க வேண்டும்.

இது எப்படிப் பலிக்கிறது? சொத்தை என்பது ஏதோ புழு அரிப்பது அல்ல. நாம் சாப்பிடும் சர்க்கரையைத் தின்று பாக்டீரியா வெளியிடும் அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது. கேப் இறுக மூடிவிட்டால் அதற்குச் சர்க்கரை போய்ச் சேராது. பட்டினி போட்ட கிருமி பெரிதாக என்ன செய்துவிடும்? சொத்தை அப்படியே நின்றுவிடுகிறது.

டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 132 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பல்லுக்கு ஹால் முறை, இன்னொன்றுக்கு வழக்கமான ஃபில்லிங். ஐந்தாண்டுக் கணக்கு 2011இல் வெளியானது. சீழ், தீராத நரம்பு வலி போன்ற பெரிய சிக்கல்கள் ஹால் முறையில் 3 சதவீதம், வழக்கமான முறையில் 16.5 சதவீதம். குழந்தைகளில் பெரும்பாலானோருக்கும் பிடித்திருந்தது கேப்தான்.

எல்லாப் பல்லுக்கும் இது ஆகாது. ராத்திரி தூங்கவிடாத வலி, ஈறில் வீக்கம், சீழ் இருந்தால் நரம்பு ஏற்கெனவே கெட்டிருக்கும். அதற்கு வேறு சிகிச்சைதான். கேப் வெள்ளி நிறத்தில் தெரியும். முதலில் கடிக்கும்போது உயரமாகத் தோன்றும். சில வாரத்தில் சரியாகிவிடும்.

"பால்பல்தானே, விழுந்துடும்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் கடைவாய்ப் பால்பல் விழப் பத்துப் பன்னிரண்டு வயதாகும். நாலு வயதில் சொத்தை வந்தால், அந்தப் பிள்ளை அதோடு எத்தனை வருஷம் சாப்பிட வேண்டும்! கையைக் காலைப் பிடித்து டிரில் போட்டால், அந்தப் பயம் பெரியவர்களான பிறகும் போகாமல் இருக்கலாம். அதனால், தோண்டுவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "தோண்டாம மூட முடியுமா?"