விடிய விடிய கூத்து... படிக்குப் படி பாட்டு... டிக்கெட் இல்லாத கச்சேரிகள்! திருத்தணி கலைஞர்களைக் காப்பாத்தறது யார் கையில?

திருத்தணி:

நல்ல பாட்டு கேக்கணும், நல்ல நாடகம் பாக்கணும்னா மெட்ராசுக்கு ரெயில் ஏறணும் என்பது பலரது நினைப்பு. ஆனால் திருத்தணியிலும் சுற்றுவட்டார கிராமங்களிலும் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு மூலையில் மேளச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மலையில் திருப்புகழ், தெருவில் பம்பை, திரௌபதி அம்மன் கோயில் வாசலில் விடிய விடிய தெருக்கூத்து. எதற்கும் டிக்கெட் கிடையாது. போய் உட்கார்ந்தால் போதும்.

டிக்கெட் இல்லை என்பதால் இது சும்மா வருகிறது என்று அர்த்தம் இல்லை. ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வீடு வரி போட்டு, முன்பணம் கொடுத்து கலைஞர்களைக் கூட்டி வந்தால்தான் கூத்து. அந்தப் பழக்கம் விட்டுப்போன ஊரில் கூத்தும் நின்றுபோகிறது. எப்போது, எங்கே, என்ன பார்க்கலாம்? இந்தக் கலைஞர்களுக்கு நாம் என்ன செய்யலாம்? இதோ விவரம்.

டிசம்பர் 31 ராத்திரி

ஊரெல்லாம் பட்டாசு வெடித்து புத்தாண்டு கொண்டாடும் ராத்திரியில் திருத்தணியில் நடப்பது படித் திருவிழா. மலைக்கோயிலுக்கு ஏறும் படிகள் 365. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள், குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டே பஜனை கோஷ்டிகள் ஏறுகின்றன. ஒரு கோஷ்டி முடிக்கும் இடத்தில் இன்னொரு கோஷ்டியின் ஜால்ரா சத்தம் ஆரம்பிக்கும்.

இந்த வழக்கத்தை 1917ம் ஆண்டு தொடங்கி வைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். வெள்ளைக்காரன் ஆட்சியில் ஆங்கிலப் புத்தாண்டு அன்று மாலையும் பழமுமாக துரைமார் வீட்டு வாசலில் போய் நிற்பது வழக்கமாக இருந்தது. "முதல்ல தணிகை மலையில இருக்கற துரையைப் போய்ப் பாருங்க" என்ற எண்ணத்தில்தான் சுவாமிகள் இதை ஏற்பாடு செய்தார் என்று சொல்லப்படுகிறது. 100 வருஷத்துக்கு முன்னால் சிறிய கூட்டத்தோடு தொடங்கியது, இப்போது மலைப்பாதையே நிரம்பி வழியும் விழாவாகி விட்டது.

15ம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதர் திருத்தணிக்கு மட்டும் 60க்கும் மேற்பட்ட திருப்புகழ் பாடியிருக்கிறார். ஏட்டுச்சுவடிகளில் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த திருப்புகழைத் தேடி அலைந்து அச்சுப் புத்தகமாக்கியவர் வ.த.சுப்பிரமணிய பிள்ளை. அவருடைய மகன் வ.சு.செங்கல்வராய பிள்ளைக்கு 'தணிகைமணி' என்றே பட்டம்.

திருப்புகழின் ருசியே சந்தம்தான். அர்த்தம் புரியாதவர்கள்கூட தாளத்துக்குத் தலையாட்டுவார்கள். படியில் ஏறும்போது கால் தானாகவே அந்தத் தாளத்துக்குப் போகும். மூச்சு வாங்குவதுகூடத் தெரியாது.

கற்கண்டு கதை

கர்நாடக சங்கீதத்திலும் திருத்தணிக்குப் பெரிய இடம் உண்டு. மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) தனது முதல் கீர்த்தனையைப் பாடியது இந்த மலையில்தான். அவர் கண்ணை மூடித் தியானத்தில் இருந்தபோது முருகனே வயதானவர் உருவில் வந்து வாயில் கற்கண்டைப் போட்டதாகவும், உடனே பாட்டு பிறந்ததாகவும் வரலாறு சொல்கிறது. தீட்சிதர் பாட்டுகளில் 'குருகுஹ' என்று முத்திரை வருவது இதனால்தான்.

அந்த முதல் கீர்த்தனை மாயாமாளவகௌளை ராகம். பாட்டு கத்துக்க உட்காரும் எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் நாள் "ச ரி க ம" சொல்லித் தருவதும் இதே ராகத்தில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆடிக்கிருத்திகையும் பம்பையும்

திருத்தணியின் பெரிய விழா ஆடிக்கிருத்திகை. தமிழ்நாட்டுக்காரர்களும் ஆந்திராக்காரர்களும் லட்சக்கணக்கில் காவடி எடுத்து வருவார்கள். சரவணப் பொய்கையில் 3 நாள் தெப்பத் திருவிழா நடக்கும்.

காவடிக்குப் பின்னால் வரும் பம்பையைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். அது ஒரு மேளம் இல்லை, ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய இரண்டு மேளம். இடுப்பில் கட்டிக்கொண்டு அடிப்பார்கள். கூடவே உடுக்கை, கைச்சிலம்பு. காவடி எடுப்பவர் தளர்ந்தால் பம்பைக்காரர் வேகத்தைக் கூட்டுவார். ஆட்டம் எல்லை மீறினால் அடியைக் குறைத்து நிதானத்துக்குக் கொண்டு வருவார். ஆளைப் பார்த்து அடிப்பது என்றால் இதுதான். பாட்டைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் போட்டால் அது காவடிக்காரர் முகத்தைப் பார்க்குமா?

பகலில் பாரதம், ராத்திரி கூத்து

பங்குனி, சித்திரையில் ஆரம்பித்து ஆடி வரைக்கும் இந்தப் பக்கத்தில் கூத்து சீசன். திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, அரக்கோணம், சோளிங்கர் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் மகாபாரத விழா களை கட்டும். மத்தியானம் பிரசங்கியார் பாரதம் படித்துக் கதை சொல்வார். அந்தக் கதை ராத்திரி கூத்தாக வரும். திரௌபதி கல்யாணம், துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று வரிசையாக நடக்கும்.

1960 ஏப்ரல் 1ந்தேதி திருத்தணி ஆந்திராவிலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் வந்தது. எல்லைக்கல் நட்டார்களே தவிர, கூத்து அதைக் கேட்கவில்லை. நகரி, புத்தூர், சித்தூர் பக்கம் தர்மராஜா கோயில்களிலும் இதே பாரத விழா நடக்கிறது. அங்கே பகலில் தெலுங்கில் ஹரிகதை, ராத்திரி நாடகம். அவ்வளவுதான் வித்தியாசம்.

எப்படிப் பார்ப்பது?

ராத்திரி 10 மணி வாக்கில் மேளம் கட்டுவார்கள். மிருதங்கம், ஆர்மோனியம், தாளம், முகவீணை சேர்ந்து ஊரையே எழுப்பும். முதலில் கட்டியங்காரன் வருவார். சிரிக்க வைப்பதும் அவர்தான், கதை சொல்வதும் அவர்தான், உள்ளூர் சமாச்சாரத்தை நக்கல் அடிப்பதும் அவர்தான்.

பிறகு இரண்டு பேர் ஒரு திரையைப் பிடிப்பார்கள். பின்னால் ராஜா வேஷக்காரர் கால் சலங்கை சத்தம் மட்டும் கேட்கும். பாதி முகம் காட்டுவார், மறைவார். திரை விலகியதும் கிர்ரென்று சுற்றுவார். தோளில் புஜக்கட்டை, தலையில் கிரீடம், மார்பில் பதக்கம். எல்லாம் மரத்தில் செய்து கண்ணாடித் துண்டு பதித்தவை. இந்தக் கட்டைகளைக் கட்டி ஆடுவதால்தான் 'கட்டைக்கூத்து' என்றும் பெயர். இவ்வளவு பாரத்தையும் சுமந்துகொண்டு பாடி, பேசி, ஆடி விடியற்காலை வரை நிற்பது சாதாரண விஷயம் இல்லை.

12 மணிக்கே எழுந்து வீட்டுக்குப் போய் விடுபவர்கள் நிஜமான கூத்தைப் பார்ப்பதே இல்லை. கதையின் உச்சக்கட்டம் 3 மணிக்கு மேல்தான் வரும். துகில் கூத்தில் துச்சாதனன் திரௌபதியின் சேலையைத் தொடும் கட்டத்தில் பெண்கள் கைகூப்பி நிற்பதும், சூடம் ஏற்றுவதும் இன்றும் நடக்கிறது. அந்த நேரத்தில் அங்கே இருப்பது நடிகர் இல்லை, சாமி.

அர்ச்சுனன் தபசு அன்று உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார்கள். மேலிருந்து விபூதி, எலுமிச்சம்பழம், பூ விழும். குழந்தை வரம் கேட்கும் பெண்கள் முந்தானையை ஏந்திக் காத்திருப்பார்கள். கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணால் செய்த பிரமாண்டமான துரியோதனன் உருவத்தைச் சுற்றி பீமனும் துரியோதனனும் ஓடுவார்கள். தொடை பிளந்த பிறகு திரௌபதி கூந்தல் முடிப்பாள். சாயங்காலம் தீமிதி.

துக்க வீட்டிலும் கூத்து உண்டு. கருமாதி ராத்திரியில் கர்ண மோட்சம் போடுவது இந்தப் பக்கத்து வழக்கம். போனவர் நல்ல கதி அடைவார் என்பது நம்பிக்கை.

கலைஞர்கள் படும் பாடு

ஒரு ஜமாவில் வேஷக்காரர், மேளக்காரர், பின்பாட்டுக்காரர் என்று 10 முதல் 15 பேர் வரை இருப்பார்கள். வேன் வாடகை, அரிதாரச் செலவு போக மிச்சத்தைத்தான் பங்கு பிரிக்க வேண்டும். சீசன் முடிந்தால் பலர் கூலி வேலைக்கும், நெசவுக்கும், கொத்து வேலைக்கும் போய் விடுகிறார்கள்.

கொரோனா காலத்தில் 2020, 2021 என்று இரண்டு சீசன் அடி வாங்கியது. ஆடிக்கிருத்திகைக்கே பக்தர்களுக்கு அனுமதி இல்லாத நிலை. கோயில் விழா இல்லை என்றால் கூத்தும் இல்லை, பம்பையும் இல்லை, நாதஸ்வரமும் இல்லை. அப்போது வேறு வேலைக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வரவே இல்லை.

இன்னொரு சிக்கல் மைக். 2000ம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. விழாக்களுக்காக வருஷத்துக்கு 15 நாள் மட்டும் ராத்திரி 12 மணி வரை மாநில அரசு விலக்கு தரலாம். கூத்து ஆரம்பிப்பதே 10 மணிக்கு. ஒரு பக்கம் சட்டம், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், உடம்பு முடியாதவர்கள். இன்னொரு பக்கம் விடியும்போதுதான் முடியும் கலை. மைக் வருவதற்கு முன்பும் கூத்து நடந்தது, தொண்டையை நம்பி. ஊர் முழுக்கக் கட்டும் குழாய் ஸ்பீக்கரைக் கழற்றினால் கூத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சுற்றி உட்கார்ந்தவர்களுக்குக் கேட்டால் போதும்.

நம்பிக்கை தரும் ஊர்கள்

செய்யாறு அருகே உள்ள புரிசை கிராமத்தில் தம்பிரான் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கூத்து ஆடி வருகிறது. மறைந்த புரிசை கண்ணப்பத் தம்பிரான் இந்தக் கலையை வெளிநாட்டு மேடை வரை கொண்டு போனவர்.

காஞ்சிபுரம் பக்கம் கூத்துக் கலைஞர் பி.ராஜகோபால் உள்ளிட்டோர் 1990ல் கட்டைக்கூத்து சங்கம் ஆரம்பித்தார்கள். 2002ல் புஞ்சரசந்தாங்கலில் கூத்தோடு பள்ளிப் படிப்பும் சொல்லித் தரும் குருகுலம் தொடங்கியது. ஆம்பிளைகள் மட்டுமே கட்டி வந்த வேஷத்தை அங்கே பெண் பிள்ளைகளும் கட்டினார்கள். அந்தக் குருகுலம் 2020ல் மூடப்பட்டது. ஆனால் அங்கே படித்தவர்கள் இன்றும் ஆடுகிறார்கள்.

நாம என்ன செய்யலாம்?

* ஊர்த் திருவிழாவுக்கு வரி போடும்போது கூத்துக்கும் மேளத்துக்கும் தனியாக ஒதுக்கச் சொல்லுங்கள். லைட் செட்டுக்கும் பேனருக்கும் கொடுக்கும் காசில் ஒரு பங்கு போதும்.

* கல்யாணம், காதுகுத்துக்கு பென்டிரைவ் மேளம் வேண்டாம். உள்ளூர் நாதஸ்வரம், தவில் செட்டைக் கூப்பிடுங்கள். பேசிய தொகையை அன்றைக்கே கையில் கொடுங்கள். சாப்பாட்டுப் பந்தியில் அவர்களைக் கடைசியில் உட்கார வைக்காதீர்கள்.

* வேஷக்காரர் நன்றாக ஆடினால் 10 ரூபாயோ 20 ரூபாயோ அன்பளிப்பு கொடுங்கள். கட்டியங்காரன் உங்கள் பெயரை மைக்கில் சொல்வது உங்களுக்குப் பெருமை, ஜமாவுக்குத் தெம்பு.

* குடித்துவிட்டுக் களரிக்குள் புகுந்து ஆடுபவர்களை ஊர்க்காரர்களே அடக்கி வையுங்கள். பெண்களும் குழந்தைகளும் கூட்டத்தில் குறைவதற்கு இது பெரிய காரணம்.

* பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். பாய், போர்வை எடுத்துப் போனால் நடுவில் தூங்கட்டும். சண்டை வரும்போது எழுப்பி விடுங்கள்.

* ஆர்வம் உள்ள பிள்ளைகளை அரசு இசைப்பள்ளியில் சேர்க்கலாம். காஞ்சிபுரம் உள்பட பல ஊர்களில் இந்தப் பள்ளிகள் உள்ளன. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், மிருதங்கம் ஆகியவை சொல்லித் தரப்படுகின்றன.

கலைஞர்கள் கவனத்துக்கு

நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென்று 2007ல் தமிழக அரசு நல வாரியம் அமைத்தது. உறுப்பினர் அட்டை வாங்கினால் பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், விபத்து, இறப்பு போன்றவற்றுக்கு நிதி உதவி கேட்க முடியும். கலை பண்பாட்டுத் துறை அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வயதாகி நலிந்த நிலையில் இருக்கும் கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றம் மூலம் மாத உதவித்தொகையும் உண்டு.

ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத பல பம்பைக்காரர்களும் வேஷக்காரர்களும் விண்ணப்பமே போட்டதில்லை. உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் படிவம் பூர்த்தி செய்து கொடுங்கள். கல்லூரி படிக்கும் பிள்ளைக்கு அரை மணி நேர வேலை. அந்தக் கலைஞர் குடும்பத்துக்கு அது எத்தனையோ வருஷத்துக்கு உதவும்.

திருத்தணி முருகனுக்குக் கூட்டம் குறையப் போவதில்லை. ஆனால் காவடிக்கு முன்னால் பம்பை அடிக்கவும், அம்மன் வாசலில் துரியோதனன் வேஷம் கட்டவும் ஆள் வேண்டும். இந்த சீசனில் பக்கத்து ஊரில் கூத்து என்று தெரிந்தால் ஒரு ராத்திரி போய் உட்காருங்கள். விடிந்த பிறகு வீட்டுக்கு வரலாம்.