தனுஷ்கோடி மணலுக்கு அடியில் மிதக்கும் மழை

எங்கள் டி. கல்லுப்பட்டிப் பக்கம் தண்ணீர் வேண்டுமென்றால் ஆழம் போக வேண்டும். நூறு அடி, இருநூறு அடி என்று போர் இறங்கிக்கொண்டே போகும். தனுஷ்கோடியில் கணக்கு தலைகீழ். ராமேசுவரம் தீவின் தென்கிழக்குக் கோடியில் இருக்கும் அந்த மீனவக் கிராமத்தில், கடலுக்குக் கொஞ்சம் தள்ளி மணலைக் கையால் தோண்டுகிறார்கள். ஆளுயரம்கூடப் போக வேண்டியதில்லை, ஊற்று சுரக்கிறது. அதை மொண்டு குடத்தில் நிரப்பினால் குடிதண்ணீர். வடக்கே பாக் விரிகுடா, ஊர்க்காரர்களுக்குப் பெண்கடல். தெற்கே மன்னார் வளைகுடா, அது ஆண்கடல். இரண்டுக்கும் நடுவில் ஒல்லியான மணல்திட்டில் நல்ல தண்ணீர் எப்படி வந்தது?

கடல்நீரை மணல் வடிகட்டிக் கொடுக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். கரைந்த உப்பை மணலால் பிரிக்க முடியாது. சுரப்பது மழைத்தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது மணலுக்குள் இறங்கி, அடியில் ஊறியிருக்கும் கடல்நீரின் மேல் தங்கிவிடுகிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1,000 கிராம். கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிராம். இந்த 25 கிராம் வித்தியாசம் ஒரு கிராமத்தின் தாகத்தைத் தீர்க்கிறது! மணல் இடுக்குகளில் நீர் மெல்லவே நகரும் என்பதால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. நடுவில் தடித்து, ஓரங்களில் மெலிந்து கிடக்கும் இந்த நீருக்கு நன்னீர் வில்லை என்று பெயர்.

இந்த ஊர் ஒருகாலத்தில் பரபரப்பாக இருந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் சென்னையிலிருந்து ரயில் இங்கே வந்தது. இறங்கியவர்கள் கப்பலேறி இலங்கையின் தலைமன்னாருக்குப் போனார்கள். ரயில் நிலையம், தபால் ஆபீஸ், தேவாலயம் எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22 இரவில் வந்த புயல், பயணிகளோடு ஒரு ரயிலையும் ஊரையும் வாரிக்கொண்டு போயிற்று. குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஆனாலும் மீனவர்கள் திரும்பி வந்தார்கள். கடலில் மீன் இருந்தது. மணலில் ஊற்றும் இருந்தது. ஊருக்குள் கடல் புகுந்தால் ஊற்று உப்பாகும், ஆனால் அடுத்தடுத்த மழை அதை மெல்லக் கழுவிவிடும். ஒரு கிராமம் மீண்டும் உயிர்த்ததில் இந்த மழைக்கும் பங்குண்டு என்றே நான் நினைக்கிறேன்.

வில்லையின் கணக்கை டச்சுக்காரரான பாடோன் கைபனும் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்டறிந்தார்கள். கடல்மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். ஆபத்தும் இதே கணக்கில்தான் இருக்கிறது. மோட்டார் வைத்து உறிஞ்சி மட்டத்தை 1 அடி இறக்கினால், கீழிருந்து உப்பு நீர் காலப்போக்கில் 40 அடி வரை ஏறும். கையால் தோண்டி மொள்ளும்போது மேல்நீர் மட்டுமே வருகிறது, வில்லை கலங்குவதில்லை.

எங்கள் கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கடைசி ஆண்டுகளைக் கழித்த காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா, இயற்கை வளத்தை இரண்டாகப் பிரித்தார்: எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும் இருப்பு, ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் ஓட்டம். தனுஷ்கோடி ஊற்று இரண்டாவது வகை, மழை தருகிற அளவுக்குள் எடுக்கும் வரை.

அந்த அளவு மீறப்படலாம் என்பதுதான் இப்போது கவலை. 2017இல் தீவின் முனையான அரிச்சல்முனை வரை சாலை வந்துவிட்டது. வண்டி வண்டியாக ஆட்கள் போகிறார்கள். நாளை கடைகளும் விடுதிகளும் தண்ணீர் கேட்கும். அவற்றுக்கு வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுபோகட்டும். அந்த மணலில் ஒரு போர்கூட இறக்க அனுமதிக்கக் கூடாது.