சிறு டிராக்டரின் கடகடப்பு எங்கிருந்து வருகிறது?

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் தென்னைக்கும் வாழைக்கும் நடுவே புகுந்து உழுவதற்குச் சிறு டிராக்டர்தான் தோது. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தோப்புகளில் மறுபடி நட்ட கன்றுகளுக்கு இடையிலும் அதுதான் ஓடுகிறது. ரோட்டவேட்டர் மண்ணில் இறங்கியிருக்கும்வரை சத்தம் ஒரே சீர். தோப்பின் கோடியில் திரும்புவதற்காக ஓட்டுநர் லிப்டைத் தூக்கியதும் பின்னாலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் கிளம்பும். கருவி தரையைத் தொட்டதும் அடங்கிவிடும்.

வேலை செய்யும்போது அடக்கம், சும்மா சுற்றும்போது ஆர்ப்பாட்டம். ஏன் இப்படி?

எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் உள்ள கருவிக்குக் கொடுப்பது பி.டி.ஓ. அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1918இல் அதைத் தன் டிராக்டரில் கொடுத்தது. இன்று உலகம் முழுக்கப் பரவலாக உள்ள வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது வினாடிக்கு 9. பி.டி.ஓ.வையும் ரோட்டவேட்டரின் கியர்பாக்ஸையும் இணைக்கும் தண்டின் இரு முனைகளிலும் 'கிராஸ்' மூட்டு இருக்கும். 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் ஆராய்ந்த அதே மூட்டுதான். தண்டு நேராக இருந்தால் அதில் ஒரு குறையும் இல்லை. சாய்ந்துவிட்டால், ஒரு முனை சீராகச் சுற்றினாலும் மறுமுனை ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும்.

சிறு டிராக்டரின் சிக்கல் இங்கேதான். அதன் தண்டு குட்டை. 90 செ.மீ. தண்டின் ஒரு முனை 30 செ.மீ. உயர்ந்தால் சாய்வு சுமார் 19 பாகை. நடுத்தண்டின் வேகம் 509க்கும் 573க்கும் இடையே ஊசலாடும். 60 செ.மீ. தண்டை அதே உயரம் தூக்கினால் சாய்வு 30 பாகை ஆகிவிடுகிறது. இப்போது ஊசலாட்டம் 468க்கும் 624க்கும் இடையே. அதுவும் வினாடிக்கு 18 முறை. இரண்டாவது கிராஸ் இந்த ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். ஆனால் தூக்கும்போது ரோட்டவேட்டரும் சற்றே சாய்வதால் இரு முனைக் கோணங்களும் ஒத்துப்போவதில்லை; மிச்சம் கியர்பாக்ஸில் போய் இடிக்கிறது. கத்தி மண்ணைவிட்டு எழும் அளவுக்கு, 15 செ.மீ. மட்டும் தூக்கினால் அதே குட்டைத் தண்டின் ஊசலாட்டம் 523க்கும் 558க்கும் இடையே சுருங்கிவிடும். லிப்ட் லீவரை முழுக்க இழுக்காமல் விடுவது காசு செலவில்லாத வைத்தியம். இன்னும் நல்லது, தூக்குமுன் பி.டி.ஓ.வை நிறுத்திவிடுவது.

எஞ்சினுக்கும் இதில் பங்குண்டு. ஸ்வராஜ் 717 போன்ற 15 குதிரைத்திறன் வண்டிகளுக்கு ஒரே சிலிண்டர். குபோட்டா நியோஸ்டார் பி2441க்கு மூன்று. எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்று ஓடினால் முன்னதில் வினாடிக்கு 15 முறையும் பின்னதில் 45 முறையும் எரிபொருள் வெடிக்கும். வெடிப்புகளுக்கு இடையே இடைவெளி கூடக்கூட, பற்சக்கரங்கள் தமக்குள் உள்ள சிறு இடைவெளியில் முன்னும் பின்னும் தட்டிக்கொள்ளும். மண்ணின் பாரம் வந்துவிட்டால் பற்கள் ஒரே பக்கமாக அழுந்தி நிற்கும், தட்டல் நின்றுவிடும்.

மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசு நிலையம் டிராக்டர்களைச் சோதிக்கும்போது ஓட்டுநரின் காதருகே இரைச்சலையும் அளக்கிறது. அந்த எண் வண்டியின் மொத்தச் சத்தத்தைச் சொல்லும். இந்தத் தோப்பில் ஓடும் தண்டின் சாய்வையும் தேய்மானத்தையும் சொல்லாது. ஒரே மாடல் வண்டி இரண்டு, அடுத்தடுத்த தோப்புகளில் வேறு வேறு விதமாகச் சத்தம் போடுவது அதனால்தான்.

சத்தத்தின் வகையே பாதி நோயைக் காட்டிக்கொடுக்கும். வேகத்தோடு ஏறி இறங்கும் 'ஊ' என்ற ஊளை, பற்சக்கரத்தினுடையது. கீச்சிடுவது பெரும்பாலும் கிரீஸ் காணாத கிராஸ். அதற்கு 8 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். தண்டைக் கழற்றி மாட்டிய மறுநாளே புதிதாக ஒரு அதிர்வு வந்தால், உள்தண்டு வெளிக்குழாயில் மாறிச் செருகப்பட்டிருக்கலாம். சதுரத் தண்டை 90 பாகை திருப்பிச் செருகிவிட்டால் இரு கிராஸ்களும் ஒன்றையொன்று சரிசெய்வதற்குப் பதிலாக ஊசலாட்டத்தைக் கூட்டிவிடும். கிராஸைப் பிடித்திருக்கும் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டுப் பார்த்தால் போதும்.

கவலைக்குரிய சத்தம் இன்னொன்று உண்டு: தண்டின் மேல் உள்ள பிளாஸ்டிக் உறையின் உராய்வு. உறைக்குள் இருக்கும் நைலான் வளையம் தேய்ந்தாலோ, உறை சுற்றாமல் பிடித்து நிறுத்தும் சங்கிலி அறுந்தாலோ அது தண்டோடு உரசிக் கரகரக்கும். தொல்லை தாங்காமல் பலர் உறையையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். மாற்ற வேண்டியது வளையத்தையும் சங்கிலியையும்தான். 35 மி.மீ. தடிமனுள்ள வெறும் தண்டு, 540 சுற்று வேகத்தில், வினாடிக்குச் சுமார் ஒரு மீட்டர் துணியை இழுத்துச் சுற்றிக்கொள்ளும். சுற்றச் சுற்ற இன்னும் வேகமாக இழுக்கும். தோளில் தொங்கும் துண்டோ சேலை முந்தானையோ மாட்டினால் கையை எடுக்கக்கூட நேரம் இருக்காது.