நிலத்தடி நீர் மாதிரியின் அளவுத்திருத்தம்

நிலத்தடி நீர் மாதிரியின் அளவுத்திருத்தம் என்பது, ஒரு நீர்ப்படுகையின் கணித மாதிரி காட்டும் நீர்மட்டங்கள் கிணறுகளில் அளந்த நீர்மட்டங்களோடு ஒத்துவரும் வரை மாதிரியின் அளவுருக்களை மாற்றியமைப்பதாகும். ஒரு தொழிற்சாலை எவ்வளவு நீர் எடுக்கலாம், அதனால் அருகிலுள்ள ஊர்க் கிணறுகளில் நீர்மட்டம் எவ்வளவு இறங்கும் என்பதை முன்கணிக்கும் முன் இது செய்யப்படுகிறது.

மாதிரியின் அமைப்பு

நீர்ப்படுகை சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் டார்சி விதியும் (1856) நீர்ச் சமநிலையும் கணக்கிடப்படுகின்றன. நீர் கடத்துதிறன், தேக்கத்திறன், மழையால் கிடைக்கும் செறிவூட்டல் ஆகியவை முக்கிய அளவுருக்கள். அமெரிக்க நிலவியல் அளவை நிறுவனம் 1984-இல் வெளியிட்ட 'மாட்ஃப்ளோ' என்ற நிரல் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. தமிழ்நாட்டில் கீழ்ப் பாலாற்று வடிநிலத்துக்கு அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய முப்பரிமாண மாதிரி 2004-இல் ஆய்விதழில் வெளியானது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதி

பாலாற்று வடிநிலத்துக்கு வடக்கே உள்ள இத்தொழில் வட்டாரத்தில் நிலவியல் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி கோண்டுவானா காலக் களிப்பாறைகளும் மணற்பாறைகளும் உள்ளன. வேறு இடங்களில் சார்னோக்கைட்டு என்ற கடினப்பாறையும் ஆற்று வண்டலும் காணப்படுகின்றன. எனவே முழுப் பகுதிக்கும் ஒரே கடத்துதிறனைக் கொள்ள முடியாது. வடகிழக்குப் பருவமழையும் ஏரிகளும் நீரைச் செறிவூட்டுகின்றன. மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் கண்காணிப்புக் கிணறுகளை அளக்கிறது. நீர் எடுப்பின் அளவை அறிவதுதான் கடினம். இலவச மின்சாரத்தில் ஓடும் விவசாயப் பம்புசெட்டுகள் பலவற்றுக்கு மீட்டர் இல்லை.

பல விடைகள் என்ற சிக்கல்

நீர்மட்டம் ஒத்துவந்தால் மட்டும் மாதிரி சரியென்று ஆகாது. ஓர் எடுத்துக்காட்டு: ஆண்டுக்கு 10 செ.மீ. செறிவூட்டலும் நாளொன்றுக்கு 2 மீட்டர் கடத்துதிறனும் கொண்ட மாதிரி, 20 செ.மீ., 4 மீட்டர் என்று கொண்ட மாதிரி ஆகிய இரண்டும், நீர் எடுப்பு இல்லாத சீரான நிலையில், ஏறத்தாழ ஒரே நீர்மட்டத்தையே காட்டும். ஆனால் புதிதாக ஒரு ஆழ்துளைக் கிணறு நீரிறைக்கத் தொடங்கினால், முதல் மாதிரி காட்டும் நீர்மட்ட இறக்கம் இரண்டாவதைப் போல் சுமார் இரு மடங்காகும். ஊர்க் கிணறு வற்றுமா, வற்றாதா என்ற கேள்விக்கு இரண்டும் வெவ்வேறு பதில் தரும்.

சரிபார்க்கும் வழிகள்

நீரிறைப்புச் சோதனை கடத்துதிறனைத் தனியே அளந்து தருகிறது. மீட்டர் வழி அறிந்த நீர் எடுப்பும் விடைகளின் எண்ணிக்கையைக் குறைக்கும். ஜான் டோஹெர்ட்டி உருவாக்கிய 'பெஸ்ட்' போன்ற நிரல்கள் அளவுருக்களைத் தானாகத் தேடித் தரும். எனினும் இல்லாத தரவுக்கு அவை ஈடாகா.

அளவுத்திருத்தத்தில் பயன்படுத்தாத ஆண்டுகளைக் கொண்டு மாதிரியைச் சோதிப்பது சரிபார்ப்பு எனப்படும். 2015 டிசம்பர் வெள்ளம் வரையிலான தரவில் திருத்திய மாதிரி, செம்பரம்பாக்கம் ஏரி வறண்ட 2019-இன் நீர்மட்டங்களையும் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், அதை வைத்து வறட்சிக் காலத்துக்கு நீர் எடுப்பு அளவை முடிவு செய்வது பாதுகாப்பானதல்ல.