தடுக்கும் கை தோழனுடையதாகட்டும்

மதீனாவில் அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லம். அங்கிருந்தோரில் மிக இளையவரான அனஸ் (ரலி) மது ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மது விலக்கப்பட்டது என்னும் அறிவிப்பு வெளியே ஒலித்தது. ஊற்றிக் கொடுத்த அதே இளங்கரங்கள் அதைத் தெருவில் கொட்டின.

அந்தத் துணிவே இன்று நம் பிள்ளைகளுக்குத் தேவை. கீழ்வேளூரிலிருந்து நாகைக்கும் திருவாரூருக்கும் படிக்கச் செல்லும் மாணவனிடம் முதற் பொட்டலத்தை நீட்டுபவன் பெரும்பாலும் அந்நியனல்லன். உடன் பழகும் நண்பனே. ஆகவே தடுக்கும் கையும் நண்பனுடையதாதல் வேண்டும். தந்தை கண்டித்தால் மறைப்பவன், தோழன் சொன்னால் செவிமடுப்பான்.

இதனையுணர்ந்தே மத்திய அரசு 2014-இல் தொடங்கிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டம், 15 முதல் 19 வயதினரையே சக வயதினர்க்கு வழிகாட்டிகளாக்கியது. போதைப்பொருள் தடுப்பும் அவர்கள் பணிகளுள் ஒன்று. தமிழகப் பள்ளி, கல்லூரிகளில் 2022-இல் போதைப்பொருள் எதிர்ப்பு மன்றங்கள் தோன்றின. நம் பிள்ளைகள் அவற்றில் முன்னிற்கட்டும்.

‘ஒருமுறை மட்டும்’ என்பதே போதையின் முதல் அழைப்பு. மிகுதியாக உட்கொண்டால் மயக்கம் தருவதில் சிறிதளவும் ஹராம் என்னும் நபிமொழியே அதற்கு விடை.

பெற்றோரே! நண்பனின் இரகசியத்தைக் காப்பதாக எண்ணி வாய்மூடியிருப்பது தோழமையாகாது என்று பிள்ளைகளுக்கு உணர்த்துங்கள். அவனை ஊரறியத் தூற்றாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லட்டும். தவறிழைக்கும் சகோதரனைத் தடுத்து நிறுத்துவதே அவனுக்குச் செய்யும் உதவி என்றல்லவா நபிகள் நாயகம் (ஸல்) கற்பித்தார்கள்!