பத்திரக்கோட்டைக்காரரின் கேமரா

1990களில் எங்கள் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து ஆட்களுக்குச் சினிமாக் கிராமம் என்றால் அது பொள்ளாச்சி, கோபி, தேனிதான். திரையில் ஓடும் வாய்க்கால் அங்கத்தியது, பேசுகிற பேச்சு மதுரையுடையதோ கோவையுடையதோ. விருத்தாசலம், பண்ருட்டி என்று விரியும் எங்கள் நடுநாட்டுச் செம்மண்ணை யாரும் படம் பிடிக்க வரவில்லை. பண்ருட்டியை அடுத்த பத்திரக்கோட்டையில் உழவர் குடும்பத்தில் பிறந்த தங்கர் பச்சான்தான் அதைத் திரைக்குக் கொண்டுபோனார்.

சென்னையில் ஒளிப்பதிவு படித்தவர். ‘காதல் கோட்டை’ (1996), ‘மறுமலர்ச்சி’ (1998), ‘பாரதி’ (2000) என்று பிறர் படங்களுக்குக் கேமரா பிடித்துக்கொண்டே தன் ஊர்க் கதைகளை எழுதிவந்தார். அவற்றில் ‘கல்வெட்டு’ என்ற சிறுகதைதான் 2002ல் அவரே இயக்கிய ‘அழகி’ படம் ஆனது. அதில் வரும் தனலட்சுமியையும் சண்முகத்தையும் தமிழ்நாடே தன் வகுப்புப் பிள்ளைகளாக நினைத்துக்கொண்டது.

என்னைக் கேட்டால் அவருடைய பெரிய படம் ‘ஒன்பது ரூபாய் நோட்டு’தான். தன் நாவலையே 2007ல் படமாக்கினார். மாதவப் படையாட்சியாக சத்யராஜ், வேலாயியாக அர்ச்சனா. பலாவும் முந்திரியும் காய்த்துக் குலுங்கும் நிலத்தை ஆண்ட மனிதர், பெற்ற பிள்ளைகளால் மனம் நொந்து, மனைவியைக் கூட்டிக்கொண்டு வெறுங்கையோடு வெளியேறுகிறார். அந்தக் காடுகரையைத் தெரியாதவரால் அந்த வலியை எழுதியிருக்க முடியாது.

படம் வந்து நான்கே ஆண்டில், 2011 டிசம்பர் 30 விடியலில், தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பாட்டன் வைத்த பலாமரங்கள் வேரோடு சாய்ந்தன, முந்திரிக்காடுகள் முறிந்து கிடந்தன. ஒட்டு முந்திரி சில ஆண்டுகளில் காய்த்துவிடும். பெரிய பலாவுக்கு ஒரு தலைமுறை வேண்டும். புயலுக்கு முந்தைய பண்ருட்டியை இன்றைய பிள்ளைகளுக்குக் காட்ட அந்தப் படத்தைத்தான் போட வேண்டியிருக்கிறது.

இன்று அவர் படங்கள் அரிதாகிவிட்டன. 2017ல் ‘களவாடிய பொழுதுகள்’, பிறகு 2023ல் ‘கருமேகங்கள் கலைகின்றன’. 2024ல் ‘அழகி’ மறுபடி திரையரங்குக்கு வந்தது. அதே ஆண்டு கடலூர் மக்களவைத் தொகுதியில் பா.ம.க. வேட்பாளராக நின்று தோற்றார். ஸ்ரீமுஷ்ணம் சிதம்பரம் தொகுதியில் இருப்பதால் எங்களுக்கு அந்த ஓட்டில் பங்கில்லை. ஆனால் அவர் கதைகளில் உண்டு.

2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பை ஒட்டிய வளையமாதேவியில், என்.எல்.சி.யின் வாய்க்கால் வேலைக்காக, விளைந்து நின்ற நெல்வயலில் பொக்லைன் இறங்கியது. அந்தக் காட்சியை ஊர் உலகமெல்லாம் செய்தியில் பார்த்தது. வயலுக்குச் சொந்தக்காரர் அன்றிரவு வீட்டில் என்ன பேசினார் என்பதைச் செய்தி காட்டாது. மாதவப் படையாட்சியைப் படைத்தவருக்கு அது தெரியும். அரசியல் மேடை அவரை எத்தனை முறை அழைத்தாலும், இந்தக் கதையை எடுக்க அவர் வளையமாதேவிக்குக் கேமராவோடு வரவேண்டும்.