காசநோய்: முதல் இரண்டு மாதம் ஏன் முக்கியம்?

நெல்லைக்காரரான எழுத்தாளர் புதுமைப்பித்தன் சினிமா வேலையாகப் புனேவுக்குப் போய், காசநோயோடு திரும்பினார். 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் இறந்தபோது அவருக்கு வயது 42. இன்று மேலப்பாளையமானாலும் முக்கூடலானாலும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய் மாத்திரை இலவசம். பெரும்பாலானோருக்கு ஆறு மாதத்தில் குணமாகிவிடுகிறது. ஆனாலும் மாத்திரை தொடங்கிய பிறகும் சிலர் இறந்துபோகிறார்கள். இந்தச் சாவுகளில் பலவற்றைத் தடுக்க முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

உடம்பு தாங்க வேண்டும்

சிகிச்சைக் காலச் சாவுகளில் பெரும்பகுதி முதல் இரண்டு மாதத்துக்குள் நடக்கிறது, அதிலும் முதல் சில வாரங்களில்தான் அதிகம். மருந்து கிருமியை அடக்க நாளாகும். அதுவரை தாங்குகிற தெம்பு உடம்பில் இருக்க வேண்டும். இருமலுக்கு மெடிக்கலில் டானிக் வாங்கிக் குடித்தே மாதங்களைக் கடத்திவிட்டு வருகிறவருக்கு அந்தத் தெம்பு எங்கிருந்து வரும்?

உடம்பை எலும்பு வரை உருக்குவதால் இந்நோய்க்கு என்புருக்கி என்று பழைய பேர் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வு ஒன்றில், 35 கிலோவுக்குக் குறைவான எடை உள்ளவர்களும் முன்பே ஒருமுறை காசநோய்க்கு மருந்து சாப்பிட்டவர்களும் அதிகம் இறந்தது தெரியவந்தது. முதுமை, கட்டுப்படாத சர்க்கரை, எச்.ஐ.வி., குடி, புகை ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன.

முதல் நாள் சோதனை

2022-ல் தமிழ்நாடு அரசு 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது. நோய் உறுதியானதுமே நோயாளியின் எடையையும் உயரத்தையும் பார்க்கிறார்கள். ஐந்தே கால் அடி உயரமுள்ளவர் 36 கிலோவுக்கும் கீழே இருந்தால் அது அபாய நிலை. அதைவிடக் கொஞ்சம் எடை கூடுதலாக இருந்தாலும், இரண்டு காலும் வீங்கியிருந்தால் விடக்கூடாது. அப்படி வீங்கிய காலில், கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கும். நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுகிறார்கள், 24-ஐத் தாண்டக்கூடாது. விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94-க்குக் குறையக்கூடாது. கடைசியாக, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்கச் சொல்கிறார்கள்.

இவற்றில் ஒன்று தவறினாலும் மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பக்கூடாது, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். ஸ்கேனும் பெரிய இயந்திரமும் தேவைப்படாத இந்தச் சோதனையை நான் பெரிதும் மதிக்கிறேன். சேர்க்கச் சொன்னால், "வீட்டிலேயே பார்த்துக்கிடுதோம்" என்று கூட்டிவந்துவிடாதீர்கள்.

சோறும் மருந்துதான்

ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் பாதிக்கும் கீழே இறங்கியது. 40 கிலோ ஆளுக்கு அது 2 கிலோதான். தினம் முட்டை, பயறு, கடலை, கிடைத்தால் மீன் கொடுங்கள். சத்துணவுக்காக மத்திய அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. அதற்கு நோயாளியின் வங்கிக் கணக்கு விவரத்தைப் பதிந்திருக்க வேண்டும்.

மாத்திரையால் சிலருக்கு ஈரல் பாதிக்கலாம், குடிப்பவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். கண் மஞ்சளானாலோ, ஓயாமல் வாந்தி வந்தாலோ, அன்றே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், சாயங்காலக் காய்ச்சல் வந்தால், எடை குறைந்தால், நாளைக்கென்று தள்ளாமல் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சந்தேகம் கேட்க இலவசத் தொலைபேசி எண்: 1800-11-6666.